மின்சாரம் தண்டனையா, மருந்தா?

வெறிநாய் கடித்த மனிதனைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. கடித்துச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் அவனுக்குக் காய்ச்சல் காண்கிறது. பிறகு மனம் கலங்குகிறது. ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டதும் நடுங்குகிறான். காற்று மேலே பட்டாலும் பதறுகிறான். இல்லாததைக் கண்டதாகச் சொல்லி அலறுகிறான். இத்தனைக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் கிருமி. அது கடிவாயிலிருந்து நரம்பின் வழியாகவே ஏறி மூளையை அடைகிறது. 1885-ம் ஆண்டு பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் அந்நோய்க்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். 1907-ம் ஆண்டு நம் நீலகிரியில், குன்னூரிலே, அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. வெறிநோய் கண்டவனைப் பார்த்து, “இது இவன் செய்த பாவம்” என்றோ, “இவன் வம்சமே இப்படித்தான்” என்றோ யாரும் சொல்வதில்லை. கிருமி செய்த வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்து, ஐந்தாம் நாள் அவள் யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் நாம் என்ன சொல்கிறோம்? “பேய் பிடித்துவிட்டது” என்கிறோம். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கிறோம். “வெளியே சொல்லாதே, நாளை கல்யாணம் ஆக வேண்டிய பெண்” என்கிறோம். பள்ளி மாணவியராகிய நீங்களோ, “லூசு” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். நோயாளிகளைக் காப்பதற்கென்று சென்னையில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அது இருக்கும் இடத்தின் பெயரையே, கீழ்ப்பாக்கம் என்பதையே, வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நாய் கடித்து வந்தால் நோய். காய்ச்சலைத் தொடர்ந்து வந்தால் அவமானம். இது என்ன நியாயம்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இரண்டே செய்திகள். மனம் திடீரென்று பிறழும்போது, அதற்கு உடலிலே காரணம் உண்டா என்று முதலில் தேட வேண்டும் என்பது ஒன்று. தேடி, செய்ய வேண்டிய வைத்தியத்தைச் செய்த பின்னும் நோய் விடாமல், “மின் அதிர்ச்சி சிகிச்சை தேவை” என்று மருத்துவர் சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்டு ஓடவும் கூடாது. ஒன்றும் கேட்காமல் கையெழுத்திடவும் கூடாது என்பது மற்றொன்று.

சித்தப்பிரமை என்று நம் முன்னோர் சொன்னதை மருத்துவர்கள் ‘சைக்கோசிஸ்’ என்கிறார்கள். இல்லாத குரல் காதில் கேட்பது, பக்கத்து வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சுக்கும் பேச்சுக்கும் தொடர்பு அற்றுப்போவது ஆகியன இதன் அடையாளங்கள். காய்ச்சல் என்பது எப்படி ஒரே நோயன்று, பல நோய்களின் அறிகுறியோ, அப்படியே இதுவும். மலேரியாவிலும் காய்ச்சல் வரும், டைபாய்டிலும் வரும். அதுபோலச் சித்தப்பிரமையும் பல வாசல்கள் வழியாக வரும். பெரும்பாலானவருக்குக் கிருமி காரணமன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பரம்பரை இயல்பு, தாங்க முடியாத துயரம், கஞ்சா போன்ற போதைப்பொருள் எனக் காரணங்கள் பல. அந்த வாசல்களில் ஒன்றாக வைரஸ் கிருமியும் இருக்கிறது. அந்த வாசலை நாம் பார்க்கத் தவறுவதுதான் ஆபத்து.

இது இன்று நேற்றுக் கண்ட செய்தியன்று. 1918-ம் ஆண்டு உலகையே உலுக்கிய இன்புளூயன்சா விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த நாட்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மனநோய் மருத்துவமனைக்குக் காய்ச்சலை அடுத்துப் புத்தி பிறழ்ந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். கார்ல் மெனிஞ்சர் என்ற இளம் மருத்துவர் அப்படிப்பட்ட நூறு பேரைப் பற்றி 1919-ம் ஆண்டு எழுதினார். அவர்களில் பலருக்கு, இனித் தேறவே மாட்டார்கள் என்று அக்காலத்தில் எண்ணப்பட்ட கொடிய மனநோயின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகள் சென்றபின் அவர் தேடிச் சென்று பார்த்தபோது, அத்தகையவரில் பலர் குணமடைந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பெயர் சூட்டியவுடன் கதவை அடைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

அதே காலத்தில், 1917-ம் ஆண்டு, வியன்னா நகரில் கான்ஸ்டான்டின் வான் எக்கனாமோ என்பவர் ‘உறக்க மூளைக்காய்ச்சல்’ ஒன்றை விவரித்தார். அதில் சிலர் வாரக்கணக்கில் தூங்கினார்கள். சிலர் சிலைபோல் இருந்தார்கள். சிலர் குணமே மாறிப் போனார்கள். அந்நோயின் காரணம் இன்றுவரை முடிவாகவில்லை. 2020-ம் ஆண்டில் கொரோனா வந்தபோது இந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. கொரோனா கண்ட 2,36,379 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2021-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் 1.4 விழுக்காட்டினர் சித்தப்பிரமை வகை நோயுடையவராகக் குறிக்கப்பட்டிருந்தனர். வாழ்க்கையில் முதல் முறையாக அந்நோய் கண்டவர் 0.42 விழுக்காடு. அதாவது ஆயிரம் பேரில் நான்கு பேர். சிறு எண்தான். ஆனால் அந்த நால்வரில் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அது சிறு எண்ணாகத் தோன்றுமா?

ஒரு கிருமி எப்படி மனத்தைக் கலைக்கிறது? இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கிருமி நேராக மூளைக்குள் புகுந்து அழற்சி உண்டாக்குவது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் அவ்வாறு செய்கிறது. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய மூளைப் பகுதிகளையே அது பெரிதும் தாக்குவதால், நோயாளி முதலில் மனநோயாளியைப் போலவே தோன்றலாம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இன்னொன்று. நம் நாட்டில் இந்நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ம் ஆண்டு, நம் வேலூர்ப் பக்கத்தில்தான். பிழைத்த குழந்தைகள் சிலருக்குப் பேச்சும் நடத்தையும் மாறிப்போவதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

இரண்டாம் வழி வியப்பானது. கிருமியை விரட்டுவதற்காக உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், ஆள் மாறித் தன் மூளையையே தாக்குவது. வீட்டைக் காக்க வைத்த நாய் வீட்டுக்காரரையே கடித்த கதைதான். 2007-ம் ஆண்டு ஜோசப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இத்தகைய மூளை அழற்சி ஒன்றை விவரித்தார்கள். ‘என்.எம்.டி.ஏ.’ என்னும் மூளை வாங்கிகளை எதிர்ப்புப் பொருள் தாக்குவதால் வருவது அது. பெரிதும் இளம் பெண்களையே பிடிக்கிறது. சிலருக்கு கருப்பையின் அருகிலுள்ள சினைப்பையில் உண்டாகும் ஒரு கட்டி அதைத் தூண்டுகிறது. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் கண்டு தேறியவர்களிலும், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி உடலே மூளையைத் தாக்கும் அழற்சி பின்னால் வருவதாக 2018-ம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. கிருமி போய்விட்டது, அது மூட்டிய சண்டை ஓயவில்லை.

இந்த நோயை உலகறியச் செய்தவர் நியூயார்க் நகரத்துப் பத்திரிகையாளர் சூசன்னா கஹலான். 2009-ம் ஆண்டு, 24 வயதில், அவர் பிறர்மீது காரணமின்றிச் சந்தேகப்படத் தொடங்கினார். தூக்கம் போயிற்று, வலிப்பு வந்தது, பேச்சுக் குழறியது. பரிசோதனைகள் பல, ‘குறையொன்றும் இல்லை’ என்றே முதலில் வந்தன. மனநோய் என்று முடிவுகட்டப்படும் தறுவாயில், டாக்டர் சூஹேல் நஜ்ஜார் ஒரு தாளைக் கொடுத்து, “கடிகாரம் ஒன்று வரையுங்கள்” என்றார். சூசன்னா வட்டம் வரைந்தார். பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மூளையின் ஒரு பக்கம் அழற்சியுற்றிருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லிவிட்டது. உரிய வைத்தியம் பெற்று, சில மாதங்களில் அவர் தம் அலுவலுக்குத் திரும்பினார். 2012-ம் ஆண்டு தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார். அவருக்கு நோயைத் தூண்டியது எது என்று தெரியவில்லை. ஆனால் விடாமல் தேடிய ஒரு மருத்துவரால் அவர் பிழைத்தார் என்பது தெரிகிறது. நோயை மட்டுமன்றி அதன் முதற்காரணத்தையும் தேடச் சொன்னவர் நம் வள்ளுவர் அல்லவா?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு நன்றாக இருந்த பிள்ளை சில நாட்களுக்குள் மாறிப்போனால், அத்துடன் காய்ச்சல், தலைவலி, வலிப்பு, தூக்கமின்மை, ஞாபகக் குழப்பம், கைகால் அல்லது முகத்தில் விநோதமான அசைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், முதலில் செல்ல வேண்டிய இடம் நல்ல மருத்துவமனை. இரத்தப் பரிசோதனை, மூளையின் ஸ்கேன் படம், மூளை மின்வரைபடம், முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தல் ஆகியன தேவைப்படலாம். “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது” என்று பயந்து மறுப்பவர் உண்டு. அது வீண் பயம். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அதைத் தாமதமின்றித் தொடங்குவதில்தான் உயிரும் அறிவும் அடங்கியிருக்கின்றன. மந்திரவாதி வீட்டு வாசலில் கழியும் ஒரு வாரம் திரும்பி வராத வாரம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம்.

இத்தகைய நோயாளிகளில் சிலருக்கு ஒரு விபரீத நிலை ஏற்படுகிறது. பேச்சு நின்றுவிடும். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நிற்கும். கண் திறந்திருக்கும், பார்வை இராது. சோறு ஊட்டினால் விழுங்குவதில்லை, தண்ணீர் இறங்குவதில்லை. ஜெர்மனி நாட்டு மருத்துவர் கார்ல் கால்பாம் 1874-ம் ஆண்டிலேயே இதை விவரித்து ‘கேட்டடோனியா’ என்று பெயரிட்டார். நம் வீடுகளில் “பிரமை பிடித்து உட்கார்ந்துவிட்டாள்” என்பார்கள். ஏதோ பிடிவாதம் என்று எண்ணி அடிப்பவர்களும் உண்டு. ஆனால் இது உயிரைக் குடிக்கக்கூடிய நிலை. நீர் வற்றிப்போகும், அசையாத காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும், சிலருக்குக் கடுங்காய்ச்சல் ஏறும். இதற்கு லோராசெபாம் என்ற மருந்தையே மருத்துவர்கள் முதலில் கொடுக்கிறார்கள். பலர் அதிலேயே விழித்தெழுகிறார்கள். எழாதவர்களுக்கும், உயிருக்கு ஆபத்து நெருங்கியவர்களுக்கும், மின் அதிர்ச்சி சிகிச்சையே இன்றும் மிகச் சிறந்த வைத்தியமாக இருக்கிறது.

இது எப்படிப் பிறந்தது? வலிப்பு வந்தபின் சில மனநோயாளிகள் தெளிவடைவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 1934-ம் ஆண்டு ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரில் லாடிஸ்லாஸ் மெதுனா என்பவர் கற்பூர எண்ணெயை ஊசியாகச் செலுத்தி வலிப்பை வரவழைத்தார். நாம் பூஜைக்கும் பூச்சிக்கும் வைத்துக்கொள்ளும் அதே கற்பூரந்தான். முள்ளை முள்ளால் எடுக்கும் முயற்சி அது. ஆனால் ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடையே நோயாளி பட்ட பயம் சொல்லி முடியாது. 1938-ம் ஆண்டு ஏப்ரலில், ரோமாபுரியில் உகோ செர்லெட்டி, லூசியோ பினி என்னும் இருவர் மருந்துக்குப் பதிலாக மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கினார்கள். ரயில் நிலையத்தில் நிலைதடுமாறித் திரிந்த ஒருவரே அவர்களுடைய முதல் நோயாளி. நோயைத் தீர்ப்பது மின்சாரமன்று. அது மூளையில் எழுப்பும் வலிப்பே மருந்து என்பதை மறக்கக்கூடாது.

இந்தச் சிகிச்சைக்குக் கெட்ட பெயர் வந்ததும் காரணமில்லாமலன்று. ஆரம்ப நாட்களில் மயக்க மருந்தின்றி, விழித்திருக்கும்போதே மின்சாரம் செலுத்தினார்கள். வலிப்பின் வேகத்தில் சிலருக்கு முதுகெலும்பு முறிந்தது. பல நாட்டு மருத்துவமனைகளில், சொன்னபடி கேட்காத நோயாளியை அடக்குவதற்கும் இதைப் பயன்படுத்தினார்கள். 1975-ம் ஆண்டு வெளிவந்த ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் அந்தக் கொடுமையைக் காட்டியது. நம் திரைப்படங்களிலும் வில்லன் கதாநாயகியைக் கட்டிலில் கட்டி ‘ஷாக்’ வைப்பான், அவள் அலறுவாள், இடைவேளை வரும். ‘ஷாக் ட்ரீட்மெண்ட்’ என்றதும் நம் தாய்மார்களின் நெஞ்சில் எழுவது அந்தக் காட்சிதான். பழைய குற்றங்களை மூடி மறைக்க நான் வரவில்லை. அவை குற்றங்களே. ஆனால் கத்தியைத் தவறாகப் பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதற்காக அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்போமா?

இன்று நடப்பது இது. நோயாளி முதல்நாள் இரவிலிருந்து உண்ணாமல் இருக்கிறார். மயக்க மருந்து நிபுணர் கையில் ஊசி போடுகிறார். சில நொடிகளில் தூக்கம். பிறகு தசைகளைத் தளர்த்தும் மருந்து. பற்களுக்கு இடையே மெத்தென்ற தடுப்பு; மூக்கில் பிராணவாயு. நெற்றிப்பொட்டில் வைத்த தகட்டின் வழியே மின்சாரம் செல்வது சில நொடிகளே. வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. தசைகள் தளர்ந்திருப்பதால் கால்விரல் துடிப்பதைத் தவிர வெளியே அதிகம் தெரிவதில்லை. சிறிது நேரத்தில் நோயாளி கண் விழிக்கிறார். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை என்பது வழக்கம். அலறலுமில்லை, துள்ளலுமில்லை. பல நாடுகளின் கணக்கைத் திரட்டி 2017-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இச்சிகிச்சையால் நேரும் மரணம் ஒரு லட்சம் முறைக்கு ஏறத்தாழ இரண்டு.

குறையே இல்லையா என்று கேட்டால், உண்டு. கண் விழித்ததும் தலைவலியும் சற்றுக் குழப்பமும் இருக்கும். சிகிச்சை நடந்த வாரங்களைச் சுற்றிய நினைவுகள் மங்கும். பெரும்பாலானவருக்குப் புதிதாகக் கற்கும் ஆற்றல் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆனால் பழைய நினைவுகளில் சில துண்டுகள் சிலருக்குத் திரும்புவதே இல்லை. படிக்கும் பிள்ளைக்கு இது சிறு இழப்பன்று. இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். மேலும், இது ஒரே தடவையில் நோயை வேரறுப்பதன்று. பின்னர் மருந்து தொடராவிட்டால் நோய் மீளக்கூடும்.

“கிருமிதான் காரணமென்றால் மின்சாரம் எதற்கு?” என்று யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி. அடுப்புப் பொறி தெறித்துக் கூரை பற்றிக்கொண்டால், அடுப்பை அணைத்தால் மட்டும் போதுமா? எரியும் கூரையையும் அணைக்க வேண்டும். கிருமிக்குரிய மருந்தும், உடலின் தவறான சண்டையை அடக்கும் மருந்தும் அடுப்பை அணைப்பவை. உறைந்துபோன மனத்தை மின் சிகிச்சை மீட்பது கூரையை அணைப்பது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இந்த வரிசையை மாற்றவும் கூடாது. மூளையில் வீக்கம் இருக்கும்போது மின் சிகிச்சை கொடுத்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடி ஆபத்தாகலாம். ஆதலால் ஸ்கேன் எடுத்துப் பாராமல், காரணத்தைத் தேடாமல், எடுத்த எடுப்பில் ‘ஷாக்’ வைப்பதை நான் ஒப்பவில்லை. தேடிய பின்னும் மறுப்பதையும் நான் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். டால்மாவ் விவரித்த அழற்சியிலும், கொரோனாவுக்குப் பின் வந்த கேட்டடோனியாவிலும், மின் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் வந்துள்ளன. அவை பெரும்பாலும் ஒருவர், இருவரைப் பற்றிய குறிப்புகளே. ஆயிரக்கணக்கானவரை வைத்துச் செய்த ஆராய்ச்சியல்ல. ஆகவே “நிச்சயம் குணமாகும்” என்று வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். “இதுவரை கண்டது இது, இதில் நன்மை இவ்வளவு, தீமை இவ்வளவு” என்று எடுத்துச் சொல்பவரை நம்புங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2017-ம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக்கூடாது என்று தடுக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இதை அளிக்கக்கூடாது. மனநல மருத்துவர் தேவை என்று கருதினால், பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமும் அதற்குரிய வாரியத்தின் முன் அனுமதியும் பெற்ற பின்னரே அளிக்கலாம். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. எனவே பெற்றோர்களே, படிவத்தை நீட்டும்போது கேளுங்கள்: காரணம் தேடியாயிற்றா? மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா? மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா? எத்தனை முறை? நினைவாற்றல் பற்றி என்ன சொல்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சிகிச்சையின் ஆபத்தை மட்டும் எண்ணுகிறோம். சிகிச்சையின்மையின் ஆபத்தை எண்ணுவதில்லை.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தவர்களும், வேறு வழி தெரியாமல், நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். மருத்துவமனையில், மயக்கத்தில், சில நொடி செல்லும் மின்சாரத்துக்கு நாம் நடுங்குகிறோம். ஆண்டுக்கணக்கில் காலில் கிடக்கும் இரும்புக்கு நாம் நடுங்கவில்லையே!

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயுற்றோருக்காக மன்றாடுவது நம் இல்லங்களிலும் சிற்றாலயத்திலும் நாள்தோறும் நடப்பது. அம்மை ஊசிக்கும் அறுவைக்கும் முன்னால் ஜெபித்துவிட்டுத்தான் போகிறோம். ஜெபித்ததால் போகாமல் இருப்பதில்லை. மன நோய்க்கு மட்டும் ஏன் வேறு வழக்கம்?

மாணவியரே, உங்களிடம் கடைசியாக ஒன்று. பல மாதம் நோயுற்றிருந்த ஒரு தோழி ஒருநாள் வகுப்புக்குத் திரும்பி வரலாம். சென்ற பருவத்துப் பாடங்கள் அவளுக்கு மறந்திருக்கலாம். உங்களில் சிலரின் பெயர்கூடச் சட்டென்று வராமல் போகலாம். “எங்கே போயிருந்தாய்?” என்று துருவாதீர்கள். உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள். மதியம் அவளைத் தனியே உட்கார விடாதீர்கள். டைபாய்டு கண்டு வந்தவளை எப்படி நடத்துவீர்களோ அப்படியே நடத்துங்கள். உங்களுக்கே காதில் குரல் கேட்பது போலவோ, யாரோ பின்தொடர்வது போலவோ தோன்றினால், அதை மனத்துக்குள் பூட்டி வைக்காமல், அம்மாவிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ சிஸ்டரிடமோ சொல்லுங்கள். வீட்டில் கேட்பாரில்லை என்றால், 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மின்சாரம் தண்டனையா, மருந்தா? கேட்காமல், தேடாமல், மயக்க மருந்தின்றிச் செலுத்திய நாளில் அது தண்டனையாக இருந்தது. காரணத்தைத் தேடிய பின், சம்மதத்தோடு, அளவோடு, அன்போடு அளிக்கும்போது அது மருந்து. அதை மருந்தாகவே வைத்திருக்கும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. கேள்வி கேட்கும் பெற்றோருக்கும், “லூசு” என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடும் மாணவியருக்கும் உரியது.